சாமர்ராவின் கண்ணாடிப் பூக்கள்: உருக்கி இணைக்கும் கலையின் வரலாற்றில் சில பக்கங்கள்

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூளையில் இளக்கி ஒரே பாளமாக்கும் கைவினை இன்று உலகின் பல நகரங்களில் வார இறுதி வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. இதற்கு ஊதுகுழல் வேண்டியதில்லை. கொதிக்கும் உலையின் முன் நிற்க வேண்டியதும் இல்லை. மேசையின் மேல் வைக்கத்தக்க மின்சூளை ஒன்றும், கண்ணாடி வெட்டும் சிறு கருவியும், பொறுமையும் இருந்தால் தொடக்கநிலை மாணவர் ஒருவர் இரண்டு நாட்களில் ஒரு தட்டையோ சுவர் ஓட்டையோ செய்துவிடலாம். இதனை நம் காலத்துப் புதிய பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அப்பாஸியக் கலீஃபாக்களின் அரண்மனையை அணிசெய்த ஓடுகள் அடிப்படையில் இதே முறையில் ஆக்கப்பட்டவையே. அவ்வோடுகளிலிருந்து மம்லூக் காலப் பள்ளிவாசல் விளக்குகள் வரை நீளும் ஒரு கலையின் வரலாற்றையும், அது நின்றுபோன காரணத்தையும் இங்கு ஆராய முற்படுகிறோம்.

கி.பி. 836இல் கலீஃபா முஃதஸிம் பாக்தாதை விட்டு நீங்கி, டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் சாமர்ராவைத் தம் தலைநகராக்கினார். 892 வரை அந்நகரம் பேரரசின் தலைமைப் பீடமாக விளங்கியது. பேரரசின் பல பகுதிகளிலிருந்தும் கைவினைஞர்கள் அங்குக் கொண்டுவரப்பட்டதையும், பஸ்ராவிலிருந்து கண்ணாடி செய்வோர் வரவழைக்கப்பட்டதையும் வரலாற்றாசிரியர் யஃகூபி தம் ‘கிதாபுல் புல்தான்’ நூலில் பதிவு செய்துள்ளார். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் இதற்குத் தேவை வரும்.

ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 1911 முதல் 1913 வரை சாமர்ராவில் நடத்திய அகழாய்வில், கலீஃபாவின் அரண்மனையாகிய தாருல் கிலாஃபாவின் இடிபாடுகளிடையே கண்ணாடி ஓடுகளின் சிதறல்கள் கிடைத்தன. முதல் உலகப் போருக்குப் பின் அகழாய்வுப் பொருட்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் பங்கிடப்பட்டன. பெர்லினிலும் லண்டனிலும் அவற்றை இன்று காணலாம். வளையத்துக்குள் வளையமாகவும் பூவிதழ்களாகவும் பல வண்ணங்களில் அமைந்த கோலங்கள் அவ்வோடுகளின் பரப்பு முழுவதும் நெருங்கிக் கிடக்கின்றன. இக்கோலங்கள் கண்ணாடியின் மேல் எழுதப்பட்டவை அல்ல. ஓட்டின் கனத்தினூடே மறுபுறம் வரை ஊடுருவி நிற்பவை.

அது எவ்வாறு இயலும்? ஒரு நிறத்துக் கண்ணாடியை உருளையாக்கி, அதன்மேல் வேறொரு நிறத்தைப் போர்த்தி, அதற்கும் மேல் இன்னொன்றைப் போர்த்துவர். இளகிய நிலையில் அவ்வுருளையை ஜவ்வு மிட்டாயை இழுப்பதுபோல் இருபுறமும் இழுத்தால் அது நீண்ட மெல்லிய தண்டாகும். தண்டு எவ்வளவு மெலிந்தாலும் உள்ளிருக்கும் வளையங்கள் குலைவதில்லை. குளிர்ந்தபின் வாழைத்தண்டை அரிவதுபோல் குறுக்கே அரிந்தால், வில்லை ஒவ்வொன்றிலும் அதே பூ மலர்ந்திருக்கும். இவ்வில்லைகளை நூற்றுக்கணக்கில் நெருக்கி அடுக்கிச் சூட்டில் இளக்கும்போது அவை ஒன்றோடொன்று பற்றி ஒரே ஓடாகின்றன. பிற்காலத்து இத்தாலியர் இதற்கு ‘ஆயிரம் பூ’ என்று பொருள்படும் மில்லெஃபியோரி என்ற பெயரை இட்டனர்.

இம்முறையை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று நாம் உரிமை கொண்டாடுவதற்கில்லை. தாலமி மன்னர் காலத்து எகிப்தும் ரோமும் இதனை நன்கறிந்திருந்தன. ஊதிக் கண்ணாடி செய்யும் வழக்கம் பரவியபின் அது பெரிதும் கைவிடப்பட்டது. 9ஆம் நூற்றாண்டு ஈராக்கில் அது மீண்டும் உயிர்பெற்றது, அவ்வளவே. எனினும் அரண்மனைக்கு ஓடாக அதனைப் பயன்படுத்திய துணிவு நம் கவனத்துக்குரியது. பளிங்கு போன்ற கண்ணாடித் தளத்தை நீர்ப்பரப்பென்று ஸபா நாட்டரசி மயங்கிய நிகழ்ச்சியைத் திருக்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயம் (27:44) குறிப்பிடுகிறது. சாமர்ராவின் கட்டடக் கலைஞர்கள் சுலைமான் (அலை) அவர்களின் மாளிகையை எண்ணித்தான் இவ்வோடுகளை அமைத்தனர் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் அவ்வசனத்தை ஓதி வளர்ந்த ஒருவர் அந்தச் சுவரின் முன் நின்றபோது வேறெதை எண்ணியிருக்கக்கூடும்?

இக்கலையின் அருமையை உணர, இன்றைய தொடக்கநிலை மாணவர் செய்யும் வேலையைச் சற்று அருகிருந்து பார்ப்பது பயன்தரும். 3 மி.மீ. கனமுள்ள இரு கண்ணாடிச் சதுரங்களை அவர் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார். இரண்டு அடுக்கு என்பதற்குக் காரணம் உண்டு. உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் ஏறத்தாழ 6 மி.மீ. கனத்தில் வந்து நிற்கும் இயல்புடையது. ஒற்றை அடுக்கை மட்டும் உருக்கினால் ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு உருக்குலையும். மூன்றடுக்கை உருக்கினால் பக்கங்களில் வழிந்து பரவும். சூளையின் தட்டில் கண்ணாடி ஒட்டிக்கொள்ளாதிருக்க வெண்களிமண் கலந்த பூச்சு ஒன்று முன்னரே பூசப்பட்டிருக்கும். கண்ணாடியின்மீது கைரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருத்தலாகாது. இருந்தால் அது சூட்டில் மங்கலாகப் பதிந்துவிடும்.

பின் சூளை மெல்ல ஏறுகிறது. 540 பாகை செல்சியஸ் வரை அவசரம் கூடாது; அந்த எல்லைக்குள் கண்ணாடி இன்னும் விறைப்பாகவே இருப்பதால் திடீர்ச் சூட்டில் வெடிக்கும். 650 முதல் 680 பாகைக்குள் அது துவண்டு, கீழே வைத்த அச்சின் வடிவத்தில் படியும். 730 முதல் 760 வரை சென்றால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மேடுபள்ளம் மறையாது. 800ஐத் தாண்டி 815ஐ நெருங்கும்போது எல்லாம் கலந்து ஒரே சமதளமாகும். இவ்வெண்கள் கண்ணாடியின் வகைக்கேற்பச் சற்று மாறும், வரிசை மாறாது. தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் இத்துடன் வேலை முடிந்ததென்று நினைக்கிறார். உண்மையில் கடினமான பகுதி இதன் பின்னரே வருகிறது. சூளையை 480 பாகை அளவில் நிறுத்தி, கண்ணாடியின் உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் மணிக்கணக்கில் மெல்ல ஆற்ற வேண்டும். ஆவல் மிகுந்து மூடியைத் திறந்தவர் கண்ணெதிரே கண்ணாடி விரிசல் விடும். சில வேளைகளில் அது அன்று விரிசல் விடாமல், வீட்டு அலமாரியில் வைத்துச் சில வாரங்கள் கழித்து, எவரும் தொடாமலே இரண்டாகப் பிளக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. சூடேறினால் எல்லாக் கண்ணாடியும் விரியும். ஆனால் ஒரே அளவில் விரிவதில்லை. இன்று இக்கைவினைக்கென விற்கப்படும் கண்ணாடிகளின்மீது 90 என்றோ 96 என்றோ ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். 90 எனக் குறித்த கண்ணாடியில் ஒரு மீட்டர் நீளப் பட்டையை 100 பாகை சூடேற்றினால் 0.9 மி.மீ. நீளும், 96 எனக் குறித்தது 0.96 மி.மீ. நீளும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு. இத்துணைச் சிறு வேற்றுமையுள்ள இரண்டைச் சேர்த்து உருக்கினாலும், குளிரும்போது ஒன்று மற்றதைவிடக் கூடுதலாகச் சுருங்க முயல்வதால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிளந்துவிடும். ஜன்னல் கண்ணாடி இவ்விரண்டோடும் சேராது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1974இல் தொடங்கப்பட்ட புல்ஸ்ஐ நிறுவனம், ஒன்றோடொன்று இணங்கும் என்று சோதித்தறிந்த வண்ணக் கண்ணாடிகளை உருவாக்கி விற்றது. அதன்பின்னரே இக்கலை பொதுமக்களின் கைக்கு எளிதாக வந்தது.

சாமர்ராவின் ஓடு செய்தவரிடம் வெப்பமானி இல்லை. எண் குறித்த கண்ணாடியும் இல்லை. பல நிறங்களை ஒரே ஓட்டில் இணைத்து, அது பிளவாமல் ஆற்றியெடுத்தார். ஒரே அடிப்படைக் கண்ணாடியைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கிலும் வெவ்வேறு நிறமூட்டியைச் சேர்த்திருப்பாரானால் விரிவும் சுருக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்கும். அவர் கண்ட வழி அதுவாகவே இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. உடைந்த ஓடுகளே அவருக்கு அதைக் கற்பித்திருக்கும்.

உடைந்தவற்றைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசுவதில்லை, மண் பேசுகிறது. இதற்குப் பாலஸ்தீனத்தில், ஹைஃபாவுக்கு அருகிலுள்ள பைத் ஷெஆரிம் என்னுமிடத்தில் கிடைத்த பாளம் ஒன்றைக் காட்டலாம். 1956இல் பழைய நீர்த்தொட்டி ஒன்றைச் சீர்செய்தபோது 3.4 மீட்டர் நீளமும், ஏறத்தாழ 2 மீட்டர் அகலமும், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனமும் உள்ள பெரும் பாளம் ஒன்று வெளிப்பட்டது. பாறையென்று கருதி அதனை அங்கேயே விட்டுவிட்டனர். சில ஆண்டுகள் கழித்து, 1960களில் அங்குச் சென்ற ஆய்வாளர்கள் அது கண்ணாடி என்று கண்டறிந்தனர். எடை ஏறத்தாழ 9 டன். அதை உருக்குவதற்கு 1000 பாகைக்கும் மேற்பட்ட சூட்டைப் பல நாட்கள் விடாது காத்திருக்க வேண்டும். எத்தனை வண்டி விறகு, எத்தனை பேரின் இரவுக் கண்விழிப்பு! இவ்வளவுக்குப் பின்னும் அது தெளிந்த கண்ணாடியாகவில்லை. கல்லைப்போல் ஒளி புகாது இறுகிவிட்டது. செய்தவர்கள் அதனை உடைத்து எடுக்கவும் இல்லை. கிடந்த இடத்திலேயே கைவிட்டுச் சென்றனர்.

முதலில் இதனை ரோமர் காலத்தின் இறுதியைச் சேர்ந்ததென்று கருதினர். பின்னர் வேதியியல் ஆய்வின் துணையோடு இது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, அதாவது அப்பாஸியர் காலத்தது என்ற முடிவுக்கு வந்தனர். தோல்விக்குக் காரணம் சுண்ணாம்பு மிகுந்துபோனதே. அந்நாள் வரை அப்பகுதியின் கண்ணாடிக்கு எகிப்தின் வாதி நத்ரூனில் கிடைத்த நத்ரூன் உப்பே உருக்கியாகப் பயன்பட்டு வந்தது. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 9ஆம் நூற்றாண்டிலும் அவ்வுப்பு அரிதாகவே, கைவினைஞர்கள் உவர்நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலுக்கு மாறினர். அச்சாம்பலை அறபியில் ‘கலீ’ என்பர். அச்சொல்லே அல்கலியாக இன்றைய வேதியியலில் நிலைத்துவிட்டது. கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் இயல்பாகவே கலந்திருப்பதால் அதில் சுண்ணாம்பு உண்டு. நத்ரூனோடு சேர்க்கும்போது அது சரியான அளவாக இருந்தது. சாம்பலிலோ தனியே சுண்ணாம்பு உண்டு. இரண்டும் கூடியபோது கலவை கெட்டது. பழைய மணலையும் புதிய சாம்பலையும் முதன்முறை சேர்த்துப் பார்த்தவர்களின் சோதனையே அப்பாளம் என்பது ஆய்வாளர் சிலரின் விளக்கம். அது நமக்கும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடி செய்துவந்த ஆசான்கள் ஒரு மூலப்பொருள் மாறியவுடன் மீண்டும் தொடக்கநிலை மாணவர்களாயினர்.

அம்மாற்றத்தில் வெற்றி கண்ட இடங்களில் ஒன்று சிரியாவின் ரக்கா. ஹாரூன் அர்-ரஷீத் 796 முதல் 808 வரை தம் அரசிருக்கையை அங்கே வைத்திருந்தார். ‘கண்ணாடி மேடு’ என்றே பொருள்படும் தல் ஸுஜாஜ் என்ற திட்டில் ஜூலியன் ஹென்டர்சன் தலைமையில் நடந்த அகழாய்வு, அக்காலக் கண்ணாடி உலைகளையும் பலவகைக் கலவைகளைச் சோதித்துப் பார்த்ததன் தடயங்களையும் வெளிக்கொணர்ந்தது. எகிப்தில் இதற்கும் முன்னரே கண்ணாடியின்மேல் வெள்ளி, செம்பு உப்புகளால் எழுதிச் சூட்டில் பதிக்கும் மினுக்கு வண்ணம் தோன்றிவிட்டது. எகிப்தின் ஆளுநர் அப்துஸ் ஸமத் இப்னு அலீயின் பெயர் பொறித்த 773ஆம் ஆண்டைச் சேர்ந்த கிண்ணம் ஃபுஸ்தாத்தில் கிடைத்து, இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று கடையில் கண்ணாடித் தகடு வாங்கி வந்து உருக்குபவரை ‘இவர் கண்ணாடியைச் செய்யவில்லையே’ என்று குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. பண்டைய பட்டறைகளிற் பெரும்பாலானவையும் அவ்வாறே இயங்கின. மணலையும் சாம்பலையும் உருக்கிப் பாளமாக்கியவர் ஒருவர். அப்பாளத்தின் உடைசலை வாங்கிப் பாத்திரமாக்கியவர் வேறொருவர். ஏறத்தாழ 1025இல் துருக்கியின் தென்மேற்குக் கரையில் செர்ச்சே லிமானி என்னுமிடத்தில் மூழ்கிய கப்பலொன்று 3 டன் கண்ணாடியுடன் 1970களின் இறுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கச்சாக் கண்ணாடிக் கட்டிகள். எஞ்சியது மறு உருக்கலுக்கென மூட்டை கட்டிய உடைந்த பாத்திரங்கள். ஃபாத்திமிகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சிரியக் கரையிலிருந்து பைஸாந்தியத்தை நோக்கிச் சென்ற சரக்கு அது.

இனி, இக்கலையின் உச்சத்துக்கு வருவோம். கண்ணாடியைத் தூளாக்கி, நிறமூட்டி, பசையில் குழைத்து, வேறொரு கண்ணாடிப் பாத்திரத்தின்மேல் தூரிகையால் எழுதிச் சூட்டில் உருக்கிப் பிணைப்பதே எனாமல் வேலை. இதுவும் கண்ணாடியோடு கண்ணாடியை இணைப்பதுதான். தட்டையான ஓட்டுக்குப் பதிலாக மெல்லிய பாத்திரம் வந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் சிறந்தோங்கிய இவ்வேலை, மம்லூக் சுல்தான்கள் காலத்தில் பள்ளிவாசல் விளக்குகளாக உருவெடுத்தது. அகன்ற வாயும் ஒடுங்கிய கழுத்தும் பருத்த உடலும் உள்ள அவ்விளக்கு, உடலைச் சுற்றிய வளையங்களில் கோத்த சங்கிலிகளால் மேலிருந்து தொங்கும். நீரும் எண்ணெயும் திரியும் இட்ட சிறு கிண்ணம் அதன் உள்ளே எரியும். கழுத்தில் அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனமும், உடலில் விளக்கை வழங்கியவரின் பெயரும் பட்டங்களும் இடம்பெறுவது பெருவழக்கு. மாடம், விளக்கு, கண்ணாடி ஆகிய மூன்றையும் ஒரே உவமையில் இணைக்கும் அவ்வசனத்தின் பொருளாழத்தை விரித்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘மிஷ்காத்துல் அன்வார்’ என்ற நூலையே இயற்றியுள்ளார்.

பல விளக்குகளில் ஒரு நுட்பம் காணப்படுகிறது. கழுத்தில் எழுத்துகள் நீல எனாமலால் எழுதப்பட்டிருக்கும். உடலிலோ சுற்றுவெளி நீலமாகவும் எழுத்துகள் வெறுங்கண்ணாடியாகவும் விடப்பட்டிருக்கும். திரி ஏற்றப்பட்டால் கீழே எழுத்துகளே ஒளிரும். சுல்தானின் பெயர் சுடராகவும் இறைவசனம் நிழலுருவாகவும் தோன்றிய இவ்வமைப்பை இன்றைய ஆய்வாளர் சிலர் அரசியல் நோக்கோடு படிக்கின்றனர். அது மிகை என்பது எம் கருத்து. கழுத்தின் விரிந்த வளைவில் கொடியெழுத்தும், உடலின் அகன்ற பரப்பில் நிரப்பிய பின்னணியும் கைக்கு இசைவானவை. தூரிகை பிடித்தவருக்கு அதுவே முதற்காரணமாக இருந்திருக்கும்.

தொழில்நுட்ப நோக்கில் இவ்விளக்குகள் நம்மை வியக்கவைப்பவை. எனாமல் உருகும் சூட்டுக்கும் விளக்கே துவண்டு சரியும் சூட்டுக்கும் இடையிலுள்ள வரம்பு மிகக் குறுகியது. நிறத்தூளை முன்னதாக உருகச் செய்ய ஈயம் போன்றவற்றைச் சேர்க்கலாம். சேர்த்தால் அது விரிந்து சுருங்கும் அளவு மாறி, குளிரும்போது அடியிலுள்ள கண்ணாடியை இழுக்கும். தடித்துப் பூசினால் உதிரும். மெலிதாகப் பூசினால் நிறம் ஏறாது. நீலத்துக்குக் கோபால்ட்டையும் லாஜவர்த் கல்லின் தூளையும், சிவப்புக்கு இரும்பு ஆக்சைடையும், மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த நிறமியையும் அவர்கள் கையாண்டதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எழுதி முடித்த விளக்கை மெல்லச் சூடேற்றி, இரும்புக்கோலின் நுனியில் பற்றவைத்து, உலைவாயில் ஓயாமல் சுழற்றியிருக்க வேண்டும். சுழற்சி நின்றால் விளக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இவ்வாறு ஒருமுறை சுட்டனரா, பலமுறை சுட்டனரா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. ஏறத்தாழ 35 செ.மீ. உயரமுள்ள ஒரு பாத்திரத்தை இவ்வாறு கையாண்டவர், சூட்டின் நிறத்தைக் கண்ணால் அளந்தவர்.

அவர்களுள் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு விளக்கு, சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் அமீரும் மருமகனுமான கவ்ஸூனுக்காக 1330களை ஒட்டிச் செய்யப்பட்டது. அவர் பானம் பரிமாறும் பதவி வகித்தவர் என்பதைக் காட்டும் கிண்ணச் சின்னம் அதில் விளங்குகிறது. அதன் அடிப்பாதத்தில் சிறு எழுத்தில் அலீ இப்னு முஹம்மத் என்று செய்தவர் தம் பெயரைப் பொறித்துள்ளார். அதனை அடுத்துவரும் குலப்பெயரின் வாசிப்பில் கருத்து வேறுபாடு உண்டு. மம்லூக் விளக்குகளில் செய்தவரின் பெயர் காண்பது அரிதினும் அரிது. கவ்ஸூன் அரசியல் சூழ்ச்சியில் வீழ்ந்து 1342இல் மாண்டார். அலீயின் முடிவைப் பற்றி எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

சுல்தான் ஹஸன் 1356 முதல் கெய்ரோவில் எழுப்பிய மத்ரஸாவுக்காகச் செய்யப்பட்ட விளக்குகளும், 1399இல் மறைந்த சுல்தான் பர்கூக்கின் பெயர் தாங்கிய விளக்குகளும் பல எஞ்சியுள்ளன. 15ஆம் நூற்றாண்டில் இவை விரைந்து அருகுகின்றன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட சுல்தான் காயித்பேயின் பெயர் தாங்கிய விளக்கொன்றை ஐரோப்பாவில் செய்தது என்றே பலரும் கருதுகின்றனர். என்ன நேர்ந்தது?

நம்மிடையே வழங்கும் விடை தைமூர். 1401இல் டமாஸ்கஸைச் சூறையாடிய அவர் அதன் கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுசென்றார். கலையும் அவர்களோடு போய்விட்டது என்பர். கொண்டுசென்றது உண்மை. 1404இல் சமர்கந்துக்குச் சென்ற ஸ்பானியத் தூதர் கிளாவிஹோ, டமாஸ்கஸிலிருந்து கொணரப்பட்டவர்களுள் கண்ணாடி செய்வோரும் இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஆனால் இவ்விடை பாதிக் கேள்விக்கே பொருந்தும். ஆசான்களை இடம்பெயர்ப்பது மட்டும் ஒரு கலையை அழிக்குமாயின், பஸ்ராவின் கண்ணாடிக்காரர்களைச் சாமர்ராவுக்குப் பெயர்த்த முஃதஸிமின் காலத்தில் அது பூத்திருக்கக் கூடாது. கெய்ரோவைத் தைமூர் எட்டவே இல்லை. டமாஸ்கஸிலும் ஹெப்ரானிலும் எளிய கண்ணாடி செய்யும் உலைகள் அதன்பின்னும் எரிந்துகொண்டிருந்தன. ஹெப்ரானில் அவ்வுலைகளின் மரபு நம் காலம் வரை தொடர்கிறது. நெருப்பும் மணலும் சாம்பலும் ஊதும் மூச்சும் எஞ்சியிருக்க, எனாமல் வேலை மட்டும் எவ்வாறு மறைந்தது?

வேறு திசையில் பார்க்க வேண்டியுள்ளது. 1348இல் வந்த கொள்ளைநோயும் அதன் மீள்வருகைகளும் நகரங்களின் மக்கள்தொகையைக் குறைத்தன. 1403ஐ ஒட்டி எகிப்தைப் பீடித்த பஞ்சத்தையும், வெள்ளி மறைந்து செப்புக்காசு பெருகியதால் நேர்ந்த விலையேற்றத்தையும் அல்-மக்ரீஸீ தம் ‘இகாஸத்துல் உம்மா’ நூலில் கண்முன் நிறுத்துகிறார். எனாமல் விளக்கு சந்தையில் விற்கும் பண்டம் அன்று. ஓர் அமீர் பள்ளிவாசல் கட்டி, அதற்கு வக்ஃபு எழுதி, விளக்குகளுக்கு ஆணை கொடுத்தால்தான் பட்டறையில் வேலை உண்டு. ஆணை குறைந்தபோது ஆசானுக்குக் கூலி குறைந்தது. அவர் தம் மகனை எளிய குவளை ஊத அனுப்பியிருப்பார். அல்லது வேறு தொழிலுக்கு. தூரிகையோடு உலைமுன் நின்று பத்துப் பாத்திரங்களை உடைத்துப் பதினோராவதில் தேறும் புதிய மாணவர் வருவது நின்றது. மாணவர் இன்றி ஒரு தலைமுறை கழிந்தால் இத்தகைய கலைக்கு அது போதும். காஷானின் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காஸிம் 1301இல் தம் குலத்தொழிலின் செய்முறையை எழுதிவைத்தார். எனாமல் கண்ணாடிக்காரர் எழுதிய அத்தகைய நூல் எதுவும் கிடைக்கவில்லை. எழுதியிருந்தாலும் சுழற்றும் மணிக்கட்டின் பழக்கத்தை அதில் எவ்வளவு அடக்கியிருக்க முடியும் என்பது ஐயமே.

‘வெனிஸுக்குக் கண்ணாடியைக் கற்பித்தவர்கள் நாமே’ என்ற கூற்றும் சற்றுத் திருத்தம் வேண்டுவது. சிரியக் கரையின் உடைகண்ணாடியும் சாம்பலும் வெனிஸுக்குச் சென்றன. உடைகண்ணாடிக்கான தீர்வை 1277ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றிலேயே பேசப்படுகிறது. ஆனால் மம்லூக் விளக்குகள் உச்சத்தில் இருந்த அதே காலத்தில் வெனிஸிலும் எனாமல் குவளைகள் எழுதப்பட்டு வந்தன. அங்கே மாணவர் வரிசை அறவில்லை. வேறுபாடு அங்குதான் உள்ளது. 1569இல் உஸ்மானியப் பேரரசின் முதலமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷா 900 விளக்குகளை வெனிஸிலிருந்து தருவிக்க அந்நாட்டுத் தூதரின் வழியாக வரைபடத்துடன் ஆணை அனுப்பினார். இச்செய்தியைப் படிக்கும்போது எமக்கு எழும் வருத்தம் தைமூரின் கொடுமையைப் படிக்கும்போது எழுவதினும் மிகுதி. ஆணை கொடுக்கும் செல்வம் மீண்டும் வந்துவிட்டது. அதனை ஏற்கும் கைகள்தாம் அங்கு இல்லை.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து, பாரிஸில் ஃபிலிப் ஜோசப் ப்ரொகார் என்பவர் பழைய விளக்குகளைச் செப்பனிட்டும் சேகரித்தும் வந்தார். அவற்றை அருகிருந்து பார்த்தே எனாமல் வேலையை மீண்டும் கற்றுத் தேர்ந்து, 1867இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் தம் படைப்புகளை வைத்தார். அக்காலத்தில் கெய்ரோவின் பள்ளிவாசல்களிலிருந்து மூல விளக்குகள் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கைக்குச் சென்றுகொண்டிருந்தன. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சியில் பல விளக்குகள் அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. ஆகவே இன்றும் மம்லூக் விளக்குகளின் மிகப் பெரிய தொகுப்பு கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திலேயே உள்ளது.

2014 ஜனவரி 24 அன்று, அருங்காட்சியகத்துக்கு எதிரிலுள்ள காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த குண்டு அதன் முகப்பையும் காட்சிக்கூடங்களையும் தாக்கியது. சேதமுற்றவற்றுள் பள்ளிவாசல் விளக்குகளும் அடங்கும். செப்பனிடும் பணி மூன்றாண்டுகள் நடந்து, 2017இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. உடைந்த எனாமல் கண்ணாடியை எவரும் மீண்டும் சூளையில் வைத்து இணைக்க முற்படுவதில்லை. சிதறிய பழங்கண்ணாடி மறுசூட்டைத் தாங்காது. எழுத்தும் வண்ணமும் கலைந்துபோகும். தட்டில் பரப்பிய சில்லுகளை நீல எழுத்தின் வளைவைத் தொடர்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தி, பசையிட்டு, காயும்வரை காத்திருப்பதே இத்துறையின் வழக்கம்.